மரகதத்தின் டின்

குன்னூரில் சாக்லேட் செய்யக் கற்றுத்தரும் வெரோணிக்காவிடம் கடைசியாக வந்து சேர்ந்த மாணவர், அவளைவிட இருபது வயது மூத்தவர். பெயர் நாகலிங்கம். ஓய்வு பெற்ற சர்வேயர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

அவர் தொழில் தொடங்கப் போகிறவர் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். ஓர் ஆளுக்கு அரைத்த மாவு புளித்துப் போகிற வீடு அவருடையது. சனிக்கிழமை வகுப்பில் நாலு குரல் காதில் விழுமே என்று வருகிறார், பாவம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அதிலும் பாதி உண்மை இருந்தது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, துணிப்பையிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே கறுப்புச் சாக்லேட் கட்டிகள். உறையில்லை, பேரில்லை. மேலெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது.

"மரகதம் வெச்சுட்டுப் போனது" என்றார்.

மரகதம் அவர் மனைவி. வீட்டு அடுப்பிலேயே சாக்லேட் செய்து விற்றவள். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

"பேக்கரிக்காரர்கிட்ட காட்டினேன். பூஞ்சை புடிச்சிருக்கு, வெறும் வனஸ்பதி, குப்பையில போடுங்கன்னுட்டார். அவ இருந்தப்ப நானும் அதைத்தான் சொல்லுவேன். நீங்க சொல்லுங்க டீச்சர். இது நல்ல சரக்கா? இல்ல, அவ பட்ட பாடெல்லாம் வீணா?"

"நீங்களே பாருங்க சார்."

அவர் ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். நல்ல சாக்லேட் 'டக்'கென்று முறியும் என்று முதல் வகுப்பிலேயே படித்திருந்தார். இது சத்தமில்லாமல் உதிர்ந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"போச்சு" என்றார்.

"வெள்ளையைத் தேய்ங்க."

தேய்த்தார். விரல் சூட்டுக்கே வெள்ளை கரைந்து கறுப்பு தெரிந்தது.

"பூஞ்சை கரையாது சார். உள்ள இருக்கற கொக்கோ வெண்ணெய்தான் மேல வந்து படிஞ்சிருக்கு. வெயில்லயும் குளிர்லயும் கேக்க ஆளில்லாமக் கிடந்தா இப்படித்தான் ஆகும்."

அலமாரியிலிருந்து வேறொரு துண்டை எடுத்தாள். பேரில்லாததுதான், ஆனால் பளபளவென்று இருந்தது. அதை அவருடைய இடது உள்ளங்கையிலும், மரகதத்தின் துண்டை வலது உள்ளங்கையிலும் வைத்தாள்.

"மூடிக்கோங்க."

அவள் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டாள். நாகலிங்கம் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை.

"இப்பத் திறங்க."

பளபளப்பானது வைத்தது வைத்தபடி இருந்தது. மரகதத்தின் துண்டு உருகி, கைரேகையெல்லாம் ஓடியிருந்தது.

"கொக்கோ வெண்ணெய் கைச்சூட்டுக்கே உருகிடும், வனஸ்பதி உருகாது. இப்பச் சொல்லுங்க, வனஸ்பதி எது சார்?"

அவர் இடது கையை நீட்டினார்.

"இப்ப டின்ல இருந்து ஒண்ணு வாயில போடுங்க. கடிக்காதீங்க."

போட்டார். முதலில் கசந்தது. வழக்கம்போலப் பற்கள் இறங்கின.

"கடிக்காதீங்க சார்."

நாக்கின்மேல் அப்படியே விட்டுவிட்டார். கசப்பு மெல்ல விலகியது. உலர்திராட்சையின் புளிப்பு வந்தது. அதுவும் போய், எதிர்பார்க்காத நேரத்தில் ஓர் இனிப்பு எழுந்து தொண்டைவரை போயிற்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்படவில்லை.

"தெனம் சாயங்காலம் ஒரு துண்டு கொண்டாந்து குடுப்பா. எப்படி இருக்குன்னு கேட்டுட்டு நிப்பா. நான் பேப்பரைப் பார்த்துக்கிட்டே கசக்குதும்பேன். உள்ள போயிடுவா."

வெரோணிக்கா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பவும் இது இப்படித்தானே இருந்திருக்கும், டீச்சர்? எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?"

அவள் டின்னை மூடி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"அப்ப நீங்க கடிச்சு முழுங்கிட்டீங்க சார்."