ஹைட்ராஞ்சியாவுக்கு வெற்றிலை போட்டவர்கள்

மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் உயரத்தில் ஒரு மலை. அங்கே ஒரு பங்களாத் தோட்டத்தை மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள்: தோட்டக்காரன் ஒச்சப்பன், அவன் மனைவி காமாயி, அவன் தம்பி சடையாண்டி. மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் அன்றைக்கு யாரிடம் இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது.

தோட்டத்து ஹைட்ராஞ்சியா பந்து பந்தாக நீலமாய்ப் பூக்கும். பங்களா அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பக்கத்துப் பங்களாவில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூத்து, பூக்காட்சியில் பரிசு வாங்கிவிட்டது.

"அடுத்த காட்சிக்குள்ள இது சிவக்கலைன்னா மூணு பேரும் மலையிறங்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியூர் போய்விட்டார்.

ஒச்சப்பன் மலையிலேயே பிறந்தவன். கீழே ஜனங்கள் போர்வையே இல்லாமல் தூங்குகிறார்களாம். அங்கே போய் எப்படிக் காலம் தள்ளுவது?

நர்சரிக்காரரிடம் ஓடினான். "மண்ணு புளிப்பா இருந்தா பூ நீலமா வரும். சுண்ணாம்பு கொடு, சிவந்துடும்" என்றார் அவர்.

புளிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா? ஆளுக்கொரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"புளிப்பு கம்மிதான்" என்றான் ஒச்சப்பன்.

"உப்பும் பத்தலை" என்றாள் காமாயி.

"எனக்கு இன்னும் பிடிபடலை" என்று சடையாண்டி மறுபடி அள்ளினான்.

அடுத்து சுண்ணாம்பு. காமாயி குறுக்கே வந்து நின்றாள். பால் குடி மறந்ததிலிருந்து வெற்றிலை போடுகிறவள் அவள். "வெறும் சுண்ணாம்பு கொடுத்தா வாய் வெந்துபோகாதா? வெத்தலை பாக்கோட கொடுத்தாத்தானே சிவக்கும்!"

நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு செடிக்கும் வெற்றிலையில் பாக்கு வைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்துப் புதைத்தார்கள். பூ நீலமாகவே இருந்தது.

"மெல்லாம எப்படிண்ணே சிவக்கும்?"

"செடிக்கு ஏதுடா பல்லு?"

"நமக்கு இருக்குல்ல!"

அன்று முதல் மூவரும் செடிக்காக மென்றார்கள். சாற்றை வேரில் துப்பலாம் என்றாள் காமாயி. "சாமிக்குப் போற பூவுல எச்சில் படலாமாடி?" என்று ஒச்சப்பன் அதட்டினான். அதனால் சாற்றைத் தாங்களே விழுங்கிவிட்டு, செடியைப் பார்த்து, "உனக்குத்தான்" என்று சொன்னார்கள்.

காட்சிக்கு முந்தின நாள் அம்மா போன் செய்தார். "நான் நேரா காட்சிக்கே வந்துடறேன். தோட்டத்துல எது நல்லாச் சிவந்திருக்கோ, அதைத் தொட்டியில வச்சு ஜீப்புல அனுப்பு."

ஒச்சப்பன் தோட்டம் முழுக்கத் தேடினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். பூவெல்லாம் நீலம். இருப்பதிலேயே சிவந்தது சடையாண்டியின் வாய்தான். பெரிய சிமெண்டுத் தொட்டியில் அவனை நிறுத்தி, முழங்கால் வரை மண் போட்டு, நன்றாக மிதித்து இறுக்கினான்.

காட்சியில், ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் நடுவே சடையாண்டி வாயைத் திறந்தபடி நின்றான். நடுவர்கள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"இது என்னப்பா வகை?"

"நாட்டு வகைங்க" என்றான் ஒச்சப்பன்.

அம்மா வந்தார். பார்த்தார். அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார். "இன்னைக்கே மூட்டையைக் கட்டுங்க! முதல்ல இவனைத் தொட்டியிலேருந்து பிடுங்கு!"

ஒச்சப்பன் கண்ணீரோடு தம்பியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். அப்போதுதான் சடையாண்டி வாயை மூடினான்.

"இழுக்காதண்ணே! பூத்திருக்கிறப்போ பெயர்த்தா பட்டுப்போயிடுவேன். மழைக்காலம் முடியட்டும்."

ஒச்சப்பன் சட்டென்று கையை எடுத்தான். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"செடி சொல்றது சரிதாங்கம்மா. மழை முடியிற வரைக்கும் நாங்க மலையிறங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, தம்பிக்குத் தண்ணீர் ஊற்றப் பூவாளியைத் தேடிப் போனான்.