பவளப்பாறை மேல களிமண்ணு

"மேடம், இந்தக் களிமண்ணை எந்தப் பாவி கொண்டாந்து கொட்டுனான்?"

கேட்டது தொம்மை. எண்ணெய்க் கிணறு தோண்டுற எங்க கப்பல்ல பாறைப் பாடம் படிச்சுக்கிட்டிருந்த ஆளு. தலை நரைச்ச மாணவன்.

சொல்லிக்குடுக்கிறது ஹசீனா மேடம். அவரு மக வயசுதான் இருக்கும்.

நான் சமையக்காரன். கப்பல்ல அதுவரைக்கும் எண்ணெய் இருந்த ஒரே இடம் என் வடைச்சட்டிதான்.

"கடலுக்கடியில பவளப்பூச்சி கட்டுன பாறை. கோடி வருஷப் பழசு. உள்ள பூரா ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளதான் எண்ணெய் தங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாண்ணே."

"அப்புறம் எதுக்கு இந்தக் களிமண்ணுல கிடந்து சாகுறோம்? குழாய் சிக்குது. பூட்ஸ் கழட்ட வரலை. நேத்து சோத்துலகூட மண்ணு."

அது மிளகு.

"போன ரெண்டு கிணத்துலயும் பாறைக்கு மேல வெறும் மணல்தான். வெண்ணெய் மாதிரி இறங்குச்சு."

"இறங்கி?"

"உப்புத்தண்ணி."

ரெண்டு பேரும் கடலைப் பார்த்தாங்க. இதுவும் உப்புத்தண்ணின்னா கப்பல் கரைக்குத் திரும்பிரும். தொம்மைக்கு வேலை போயிரும். எனக்கும்தான். நான் எங்க போனாலும் வடை சுடலாம். இந்த வயசுல அவரு எங்க போவாரு?

மேடம் என் பக்கம் திரும்புனாங்க. "அண்ணே, காலையில மூடாம விட்ட சோடா இருக்கா?"

இருந்துச்சு. தொம்மை ஒரு வாய் குடிச்சாரு. மூஞ்சி கோணிப்போச்சு.

"என்ன மேடம் இது, சப்புன்னு?"

"பாட்டில்ல ஏதும் ஓட்டை உடைசலாண்ணே?"

தொம்மை திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "பாட்டில் நல்லாத்தான் இருக்கு."

மேடம் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

"கேள்வி கேட்டா செத்த சோடா குடுக்குறாங்கய்யா"ன்னு என்கிட்ட புலம்பிட்டு, மறுபடி களிமண்ணுக்கே போனாரு.

அந்த வாரம் முடியுறதுக்குள்ள துளை பாறையைத் தொட்டுருச்சு.

மேல வந்த கல்லுல ஓட்டைக்கு ஓட்டை எண்ணெய். கறுப்பா, நுரைச்சுக்கிட்டு வழிஞ்சுது.

ஆளாளுக்கு ஓடிப்போய் கல்லைத் தொட்டுக் கும்பிட்டாங்க. நானும் கும்பிட்டேன், கரண்டியோட.

தொம்மையைக் காணோம்.

தேடுனா, மூலையில உக்காந்திருக்காரு. பூட்ஸ்ல காஞ்சு கிடந்த களிமண்ணைப் பிச்சு எடுத்து, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டிருக்காரு.

"அண்ணே, பாறை அந்தப் பக்கம்."

"அதைக் கும்பிடத்தான் அம்புட்டுப் பேரு நிக்கிறீங்களேய்யா. இந்த மூடியை ஒருத்தரும் கண்டுக்கலை."