பெயர் சொன்னால்தான் கதவு திறக்கும்

முன்னொரு காலத்தில் தாழையூரைக் கொற்றங்குமரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புகழ்ச்சி என்றால் உச்சி குளிர்ந்துபோவார்.

“முன்னோர்கள் எல்லாம் தங்கள் பெயரில் ஒரு நகரத்தை விட்டுப்போனார்கள். எனக்கென்ன குறை?” என்று ஒருநாள் சபையில் கேட்டார்.

அவைப்புலவர் தாண்டவராயர் அன்று சாயங்காலமே தாழையூருக்குப் புதுப்பெயர் கட்டிவிட்டார். ‘ஏழுலகவீர எதிரிகுலஇடி யானைமேல்சிங்க கொடைக்கடல் கொற்றங்குமர மகாபுரம்.’ அதைப் பிழையில்லாமல் சொல்கிறவர்கள்தான் கோட்டைக்குள் வரலாம் என்ற ஆணையும் அவர் யோசனைதான்.

கோட்டைக் காவலன் வயிரவன் பாடு திண்டாட்டமாயிற்று. மோர்க்காரி பானையோடு திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் பக்கத்தூர் மருத்துவச்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். உள்ளே ஒருத்திக்குப் பிரசவ வலி. ஆனால் ‘எதிரிகுல’ என்பதைத் தாண்டி அவளுக்கு நாக்கு புரளவில்லை. தாண்டவராயரின் ஆள் வேறு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வயிரவன் சட்டென்று, “உள்ளே வரத்தானே பெயர் சொல்லணும்? வெளியே போக அது வேண்டாமே” என்று வலியெடுத்தவளை வண்டியிலேற்றி வெளியே கொண்டுவரச் செய்தான். புளியமரத்தடியில் ஆண்பிள்ளை பிறந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் ராஜாவும் புலவரும் வேட்டையிலிருந்து திரும்பினார்கள். வயிரவன் கதவைத் திறக்கவில்லை.

“பெயர் சொல்லுங்க, மகாராஜா. உங்க ஆணைதான்” என்று கைகூப்பினான்.

ராஜா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். சிங்கத்தை இடிக்கு முன்னால் போட்டுவிட்டார். “நீர் சொல்லும்” என்றார் புலவரிடம். புலவருக்குக் கொடைக்கடலே விட்டுப்போயிற்று.

அப்போதுதான் மரத்தடியில் குழந்தை அழுதது.

“அவர்கள் ஏன் வெளியே கிடக்கிறார்கள்?” என்றார் ராஜா.

“தாய் பெயரை மனப்பாடம் பண்ணிட்டா, மகாராஜா. பிள்ளைக்குத்தான் இன்னும் பேச்சு வரலை.”

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. “இனி இது கொற்றனூர். அவ்வளவுதான். அதையும் யாரும் கதவருகே சொல்லவேண்டாம். முதலில் அந்தத் தாயையும் பிள்ளையையும் உள்ளே விடு” என்றார். தன் முத்துமாலையைக் கழற்றி வயிரவன் கழுத்தில் போட்டார்.

பின்னாலேயே நுழையப்போன புலவரைக் கைகாட்டி நிறுத்தினார். “நீர் மட்டும் முழுப்பெயரையும் சொல்லிவிட்டு வாரும்.”

பத்தொன்பதாவது தடவையில் தாண்டவராயர் உள்ளே வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் பாடிய பாட்டு எதுவும் நாலு வரியைத் தாண்டியதே இல்லை.