வாசலில் இடித்த தோள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கரை வளையொன்றில், சிங்காரன் என்ற முயலும் அதன் மனைவி செவ்வந்தியும் குடியிருந்தன. சிங்காரனுக்குத் தன் அழகின்மேல் தீராத ஆசை. ஓடைக்குப் போனால், தண்ணீரில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்த பிறகுதான் குடிக்கும்.

ஒரு நாள் அங்கே காட்டெருமை ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. திரண்டு புடைத்த அதன் தோளைக் கண்டதும் மான்கள் விலகின. பன்றிகளும் விலகின. காட்டெருமை யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடுவில் நின்று குடித்துவிட்டுப் போயிற்று.

சிங்காரனும் நெஞ்சை நிமிர்த்தி அதேபோல் நடந்து பார்த்தது. வழியில் ஒரு தவளைதான் இருந்தது. அது நகரவே இல்லை.

"எனக்குத் தோள் போதவில்லை" என்று அன்று முழுவதும் சிங்காரன் புலம்பியது.

"முயலுக்குத் தோள் எதற்கு?" என்றது செவ்வந்தி.

"மதிப்புக்கு."

எதிர்க்கரைப் புதரில் படுத்திருந்த நரி இதைக் கேட்டது. அந்த நரிக்குச் சிங்காரன்மேல் வெகுநாளாகக் கண். ஆனால் அது ஓடையைத் தாண்டி வருவதற்குள் சிங்காரன் வளைக்குள் போய்விடும். குறுகிய அந்த வாசலில் நரியின் மூக்குக்கு மட்டுமே இடம் இருந்தது.

"தம்பி சிங்காரா, உனக்கு நல்ல உடல்வாகு. கொஞ்சம் எடை தூக்கினால் போதும், காட்டெருமையே உனக்கு வழி விடும்" என்றது நரி.

சிங்காரன் ஒரே தாவலில் வளை வாசலுக்குப் போய் நின்றுகொண்டது. "சொல்லித் தருகிறேன் என்று கிட்டே வருவாய். எனக்குத் தெரியாதா?"

"நான் ஏன் வரப்போகிறேன்? இந்தக் கரையிலேயே உட்கார்ந்து சொல்கிறேன். நீ உன் வாசலிலேயே நின்று செய். பயமாக இருந்தால் உள்ளே போய்விடு."

யோசித்துப் பார்த்ததில் சிங்காரனுக்கு இதில் ஆபத்து ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. மூங்கில் குச்சியின் இரு முனையிலும் விளாங்காயைச் செருகி, சிங்காரன் தலைக்கு மேலே தூக்கியது.

"மெதுவாக இறக்கு, தம்பி. தூக்கும்போது மூச்சை விடு. கழுத்தைச் சுருக்காதே" என்று அக்கரையிலிருந்து நரி சொல்லிக்கொண்டே இருக்கும். பயிற்சி முடிந்ததும், தோண்டி வைத்திருந்த கிழங்குகளை இக்கரைக்கு வீசும்.

"ஓட்டப் பயிற்சி வேண்டாமா, அண்ணா?"

"ஓடினால் ஏறின சதையெல்லாம் கரைந்துவிடும். தூக்கு, சாப்பிடு, தூங்கு."

சிங்காரனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

"நரி கிழங்கு தோண்டி யாராவது பார்த்ததுண்டா? எனக்கு இது சரியாகப் படவில்லை" என்றது செவ்வந்தி.

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டுச் சிங்காரன் இன்னொரு கிழங்கைக் கடித்தது.

நாளாக நாளாகக் குச்சியில் விளாங்காய்கள் கூடின. சிங்காரனின் தோளும் பருத்தது. தினமும் பயிற்சி முடிந்ததும் நரி ஒரு கேள்வி கேட்கும்.

"வளைக்குள் நுழையும்போது தோள் இடிக்கிறதா, தம்பி?"

"இடது பக்கம் லேசாக உரசுகிறது."

"அப்படியானால் வலது பக்கத்துக்கு வேலை கொடு."

பிறகு வலது பக்கமும் உரசியது. சிங்காரன் நுழையும்போதெல்லாம் வாசல் மண் உதிர்ந்தது. செவ்வந்தி முணுமுணுத்தபடி அதைத் தள்ளிவிடும். சிங்காரனோ உதிர்ந்த மண்ணைப் பார்த்துப் பூரித்துப்போகும்.

ஒரு மாலை சிங்காரன் பெருமையோடு சொன்னது: "அண்ணா, இன்று காலை வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. உடம்பைக் கோணிக்கொண்டுதான் வந்தேன்."

"இவ்வளவு சீக்கிரமா? எங்கே, கடைசியாக ஒரு தடவை மூச்சு முட்டத் தூக்கிக் காட்டு."

சிங்காரன் தூக்கியது. தோள் இரண்டும் இன்னும் புடைத்தன.

"போதும், தம்பி. பயிற்சி முடிந்தது" என்ற நரி எழுந்து, உடம்பை முறித்துக்கொண்டு, ஓடையில் இறங்கியது.

சிங்காரன் குச்சியைப் போட்டுவிட்டு வளைக்குள் பாய்ந்தது. தலை போயிற்று. முன்னங்கால்கள் போயின. தோள் போகவில்லை. கோணிப் பார்த்தது, நெளிந்து பார்த்தது. முன்பாதி உள்ளேயும் பின்பாதி வெளியேயுமாக அப்படியே செருகிக்கொண்டது.

நரி அவசரப்படவே இல்லை. நிதானமாக நடந்து வந்து சிங்காரனின் வாலுக்குப் பின்னால் உட்கார்ந்தது. "குருதட்சணை வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டது.

உள்ளே, செவ்வந்தியின் முகத்துக்கு நேரே சிங்காரனின் முகம் பயத்தில் வெளிறிப்போய் இருந்தது.

"உதையுங்கள்" என்றது செவ்வந்தி.

"எதால் உதைப்பது?"

"வெளியே இருக்கிற காலால்தான்."

நரி வாயைத் திறந்து குனிந்த நேரம் அது. சிங்காரன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பின்னங்கால்களாலும் ஓங்கி உதைத்தது. வாசலில் தோள் இறுகியிருந்ததால் உதையின் முழு வேகமும் நரியின் மூக்கில் இறங்கியது. நரி மல்லாந்து ஓடையில் விழுந்தது. முன்பல் ஒன்றைத் தண்ணீரில் துப்பிவிட்டு, ஊளையிட்டுக்கொண்டே மூங்கில் காட்டுக்குள் ஓடி மறைந்தது.

செவ்வந்தி வாசலைச் சுற்றி மண்ணைப் பறித்து, காதைப் பிடித்து இழுத்துச் சிங்காரனை ஒரு வழியாக உள்ளே சேர்த்தது.

சிங்காரன் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டது. பிறகு மெல்லச் சொன்னது: "தினமும் தோள் இடிக்கிறதா என்று எவ்வளவு அன்பாக விசாரித்தான், தெரியுமா? என்மேல் அக்கறை என்றல்லவா நினைத்தேன்."

"அக்கறைதான்" என்றது செவ்வந்தி, வாசல் மண்ணைத் தள்ளிக்கொண்டே. "சாப்பாட்டின்மேல் யாருக்குத்தான் அக்கறை இருக்காது?"

நீதி: நம்மைப் பெரிதாக்கப் பிறர் காட்டும் அக்கறையில் அவர்களுக்கு என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும்.