மாசாணி காட்டிய அழகான இடம்

மலைமேல் இருந்த கருமுட்டி கிராமத்தார் ரோடு கேட்டபோதெல்லாம், "இயற்கை அழகு கெட்டுவிடும்" என்று தடுத்தவர் வட்டாரச் சுற்றுலாக் கழகத் தலைவர் தணிகாசலம். ஒருநாள் அவரே பயண ஏஜெண்டுகளோடு ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். விருந்து சமைத்த மாசாணியிடம் மைக்கை நீட்டி, "உங்க ஊருக்கு எப்படி வரலாம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு" என்று அதட்டினார்.

மாசாணி சிரித்தாள்.

"வர்றது சுலபமுங்க. ஐயா மாதிரி ஹெலிகாப்டர்ல வந்துடுங்க. உடம்புக்கு முடியலைன்னா கம்பளியில கட்டித் தூக்கிட்டு இறங்குவோம். பிரசவ வலியில எங்க அண்ணியை அப்படித்தான் தூக்கினோம். பாதி வழியிலேயே செத்துட்டா. அழகான இடமுங்க அது."

"ரோடு இல்லாம எங்க ஆளுங்களை அனுப்ப மாட்டோம்" என்றார் ஒரு ஏஜெண்ட்.

"சீக்கிரமே போட்டுடலாம்" என்று தலைவர் மைக்குக்குக் கை நீட்டினார்.

மாசாணி கொடுக்கவில்லை.

"என்னைக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்குங்க."