ஒரே ஒரு அடுப்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். கடலுக்கு அப்பால் தெரிந்த தீவும் அவர் ஆட்சியில்தான் இருந்தது. காலையில் மாடத்தில் நின்று அந்தத் தீவின் அடுப்புப் புகையைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

“எத்தனை புகை!” என்றார் ஒருநாள்.

“ஒவ்வொன்றுக்கும் வரி போடலாம், அரசே,” என்றார் மந்திரி வீரபாகு.

போட்டார்கள். கட்டாத வீடுகளில் பானைகளைத் தூக்கிப் போனார்கள். இரண்டு மாதத்தில் தீவில் ஒரே ஒரு புகைதான் மிஞ்சியது. முந்நூறு குடும்பங்களும் கடற்கரையில் ஒரே அடுப்பில் சமைத்தன. கஞ்சி கொதிக்கும்வரை பேசின. முதலில் மீனைப் பற்றி. பிறகு வரியைப் பற்றி. பிறகு அரசரைப் பற்றி. அந்தப் பேச்சு அரசர் காதுக்கும் எட்டியது.

“அவர்களை ஒன்றுசேர்த்தவர் எவரோ, அவரைத் தூக்கிலிடுக” என்று அரசர் ஆணையிட்டார். அடுப்பு மூட்டிய செவந்தியைப் பிடித்து வந்தார்கள்.

விகடகவி சித்தையன் மேல் வீரபாகுவுக்கு வெகுநாள் பொறாமை. “சித்தையனே தூக்கிலிடட்டும், அரசே. அவர் பிறந்த தீவுதானே? மறுத்தால் அவர் தலை போகட்டும்.”

அரசர் தலையாட்டினார்.

மறுநாள் சித்தையன் கயிற்றோடு சபைக்கு வந்தார். செவந்தியைக் கடந்து போய் வீரபாகுவின் கழுத்தில் மாட்டினார்.

“என்ன இது?” என்றார் அரசர்.

“தங்கள் ஆணை, அரசே. பக்கத்து வீட்டுக்கு நெருப்புகூடக் கொடுக்காத ஊர் அது. நான் அங்கே வளர்ந்தவன். அவர்களை ஒன்றுசேர்த்தது மந்திரியாரின் வரி.”

வீரபாகுவின் தலைப்பாகை நழுவி விழுந்தது. அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆணையைக் கிழித்தார்.

“அவளை விடுங்கள். சித்தையா, உனக்கு என்ன வேண்டும்?”

“அடுப்பு வரியை எடுத்துவிடுங்கள்.”

“வேறு கேள்.”

சித்தையன் வேறெதுவும் கேட்கவில்லை. அவர் கழுத்தில் தங்கச் சங்கிலி ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள்.

துறையில் படகேறும்போது செவந்தி சித்தையனிடம் கேட்டாள். “நல்லாத்தான் சிரிக்கிறாரு உங்க ராசா. வரி நின்னுச்சா அண்ணே?”

“இல்லம்மா.”

“அப்ப அடுப்பும் அங்கேயேதான் இருக்கும்.”

ஆவணியில் ஒரு காலை, தீவில் பெரும்புகை எழுந்தது. அரசர் சித்தையனை மாடத்துக்கு அழைத்தார்.

“எத்தனை அடுப்பு அது?”

“ஒன்றுகூட இல்லை, அரசே. வரிச்சாவடி எரிகிறது.”

அரசர் சிரிக்கத் தயாராகி, அடுத்த வேடிக்கைக்காகக் காத்திருந்தார். சித்தையன் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.