காற்றின் சராசரி

“உங்க கணக்குல காத்து தெக்கேருந்து வருது. என் நெஞ்சுக்குள்ள புகை வடக்கேருந்துல்ல வருது!”

மனைவி கமலவேணி கத்தியதை ஓர் எழுத்து மாற்றாமல் குருவிடம் ஒப்பித்தார் தணிகாசலம். ஒப்பித்துவிட்டு, “இது நியாயமாம்மா?” என்றார்.

குரு உமையம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“அவங்க எங்கே?”

“பெட்டியும் கையுமா வாசல்ல நிக்கிறா. காலை பஸ்ஸுக்கு ஊருக்குப் போறாளாம். தனியா. இனிமே வரவே மாட்டாளாம்.”

அவளுடைய மூச்சிழுப்புக்கு மலைக்காற்று நல்லது என்று ஆசிரமத்துக்கு அழைத்து வந்ததே அவர்தான். வந்த இடத்தில் சும்மா இருந்தாரா? ஓய்வுபெற்ற மனுஷன் கையில் லேப்டாப் இருந்தால் வீடே தாங்காது, ஆசிரமம் எம்மாத்திரம்!

கம்பம் நட்டு, காற்றின் திசை காட்டும் கருவியைக் கட்டினார். மணிக்கொரு தரம் பார்த்து, காற்று எங்கேயிருந்து வருகிறது என்பதை எக்செல்லில் ஏற்றினார். சராசரி எடுத்தார். கலர் கலராக வரைபடம் போட்டார். தெற்குக் காற்று என்று வந்தது. புகை குடில்கள் பக்கம் வராமல் இருக்க, விறகடுப்பை அவற்றுக்கு வடக்கே மாற்றச் சொன்னார்.

மாற்றினார்கள். அன்று முதல் புகை மொத்தமும் கமலவேணியின் ஜன்னலில்.

“அடுப்பைப் பழைய இடத்துக்கே மாத்திடலாமேய்யா?”

“எப்படிம்மா? கணக்கு சரியா இருக்கே! நாலு தடவை சரிபார்த்துட்டேன். புகைதான் தப்பாப் போகுது.”

குரு கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அவரை முற்றத்தின் நடுவே கூட்டிப்போனார்.

“உங்க கணக்குல வடக்கு எது?”

“பூஜ்யம்மா. அங்கேருந்து கிழக்கு, தெற்கு, மேற்குன்னு ஒரு சுத்து சுத்தி வந்தா முந்நூத்தறுபது டிகிரி. அதுவும் வடக்குதான்.”

“வடக்கே பார்த்து நில்லுங்க.”

நின்றார். எதிரே அடுப்பு. அதைத் தாண்டி வாசல். அங்கே, புகை தொடாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள் கமலவேணி.

“நேத்து காலையில காத்து?”

“முந்நூத்தம்பது.”

“அப்படியே திரும்புங்க.”

இடப்பக்கம் துளி திரும்பினார். அவள் தெரிந்தாள்.

“சாயங்காலம்?”

“பத்து.”

வலப்பக்கம் துளி. இப்போதும் தெரிந்தாள்.

“ரெண்டுக்கும் சராசரி?”

“கூட்டினா முந்நூத்தறுபது. அதுல பாதி நூத்தெண்பது.”

“அங்கே திரும்புங்க.”

திரும்பினார். எதிரே குடிலின் சுவர். வாசல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

பிடரியில் காற்று அடித்தது. காதோரமாகப் புகை அவரை முந்திக்கொண்டு போய் ஜன்னலுக்குள் நுழைந்தது.

“கூட்டல் சரிதானே?” என்றார் குரு.

“சரிதான்... ஆனா...”

விரலை மடக்கி மறுபடி கூட்டினார். அதேதான் வந்தது. வகுத்தார். அதேதான் வந்தது. காற்று மட்டும் பிடரியிலேயே அடித்தது.

பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

அவர் சட்டென்று வடக்கே திரும்பினார். புகை தொடாத அந்த இடத்தில் பெட்டி இல்லை.

“வேணி! இந்த ஒரு பஸ்ஸை மட்டும் விட்டுடேன்!”